கடையில அவ்வளவு நல்லா இருந்த ஸ்பீக்கர் வீட்டுல கும்முனு மூட்டமா கேக்குது, ஆம்ப்பை மாத்தணுமா ஸ்பீக்கரையே மாத்தணுமா?

சுருதிப்பெட்டி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், விவரம் முழுசா சொன்னாத்தான் உங்களுக்கும் பதில் சொல்ல வசதியா இருக்கும்.

மூணு வாரம் முன்னாடி ஒரு ஜோடி புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் வாங்கினேன். 6.5 இன்ச் ஊஃபர் (பேஸ் போடுற பெரிய கோன்), 1 இன்ச் டோம் ட்வீட்டர் (மேல் சத்தம் போடுறது), பின்பக்கம் போர்ட் (பேஸுக்காகப் பெட்டியில விட்ட ஓட்டை), 86 டிபி சென்சிடிவிட்டி (ஒரு வாட்ஸ் குடுத்தா ஒரு மீட்டர்ல வர்ற சத்தம்), 6 ஓம்னு போட்டிருக்கு. ஆம்ப் ஏற்கனவே கையில இருந்தது, சேனலுக்கு 60 வாட்ஸ். கடையில ஒரு மணி நேரம் உக்காந்து மூணு ஜோடி மாத்தி மாத்தி கேட்டேன், இதுலதான் பாடுறவங்க மூச்சு இழுக்கறது வரைக்கும் தெளிவா இருந்துச்சு, மிருதங்கத்துல தொப்பிப் பக்கம் விழுற அடி தனியா, வலந்தலை நாதம் தனியா பிரிஞ்சு வந்துச்சு, அங்கயே முடிவு பண்ணிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டின நாள்லேருந்து அந்த சவுண்டைக் காணோம். தொப்பி அடி எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ஒரே மூட்டமா வருது. பேஸ் கிட்டார் ஏறி இறங்கறப்ப ஏதோ ஒரு சுரம் வந்தா மட்டும் ரூமே விம்முது, அதுக்கு மேல கீழ உள்ள சுரமெல்லாம் சாதாரணமா இருக்கு. இவ்வளவு பேஸ் இருந்தும் ஆம்பளைக் குரல் மட்டும் மெலிஞ்சு போய் நெஞ்சு இல்லாம தொண்டையிலேருந்து வர்ற மாதிரி இருக்கு, அது எப்படின்னுதான் புரியல.

ரூம் 4.8 மீட்டர் நீளம், 3.6 அகலம், 3 மீட்டர் உயரம். ஸ்பீக்கர் ரெண்டும் அகலம் கம்மியான சுவர் பக்கம் ஸ்டாண்ட் மேல இருக்கு, பின்னாடி ஒரு சாண் இடம்கூட இல்ல, ஸ்பீக்கரோட முன்முகம் சுவர்லேருந்து 40 சென்டிமீட்டர்ல வருது. சோபா எதிர்ச் சுவரை ஒட்டி, சாஞ்சு உக்காந்தா காதுக்கும் சுவருக்கும் 20 சென்டிமீட்டர் இருக்கும். இடப்பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல், வலப்பக்கம் புத்தக அலமாரி, தரை டைல்ஸ்.

கூட வேலை பாக்குற ஒருத்தர் 120 வாட்ஸ் ஆம்ப் போட்டா பேஸ் கட்டுக்குள்ள வரும்னு சொல்றார். இன்னொருத்தர் 8 இன்ச் ஊஃபர் வச்ச பெரிய ஸ்பீக்கரா மாத்திக்கோங்கறார். திருப்பிக் கொடுக்க இன்னும் எட்டு நாள் டைம் இருக்கு. என்ன பண்ணட்டும்?

அலைநீளம்:

எட்டு நாள் இருக்குல்ல, அதுல முதல் நாலு நாள் எதையும் வாங்கவும் வேணாம் திருப்பிக் கொடுக்கவும் வேணாம். நீங்க எழுதினதுலயே பதில் இருக்கு, காதுக்கும் சுவருக்கும் 20 சென்டிமீட்டர்னு சொன்னீங்க பாருங்க, பிரச்சனை அங்கேருந்துதான் ஆரம்பிக்குது.

சத்தம் செகண்டுக்கு சுமார் 343 மீட்டர் போகும். அந்த 343-ஐ ரூம் நீளத்தோட ரெண்டு மடங்கால வகுத்தீங்கன்னா, அந்த நீளத்துக்குள்ள ரெண்டு சுவருக்கும் நடுவுல முட்டி முட்டி நின்னுடற முதல் அலை கிடைக்கும். உங்க 4.8 மீட்டருக்கு அது 35.7 ஹெர்ட்ஸ், அடுத்தது 71.5, அதுக்கடுத்தது 107. அகலத்துக்கு 47.6, உயரத்துக்கு 57. இதுல 35-ல உங்க 6.5 இன்ச் ஊஃபர் பெருசா ஒண்ணும் போடாது, ஆனா 71-ல நல்லாவே போடும். பேஸ் கிட்டார்ல டி கம்பியை விரல் வைக்காம மீட்டினா வர்றது 73.4 ஹெர்ட்ஸ், உங்க ரூம் 71.5-ல காத்துக்கிட்டு உக்காந்திருக்கு, அந்த ஒரு சுரம் மட்டும் விம்முறதுக்குக் காரணம் இதுவாத்தான் இருக்கணும். ஸ்பீக்கர் சத்தம் போட்டு முடிச்ச பிறகும் ரூம் அதை விடாம இழுத்துக்கிட்டே இருக்கறதால அடுத்த தொப்பி அடி வர்றப்ப முந்தினது இன்னும் அடங்கியிருக்காது, அதைத்தான் நீங்க மூட்டம்னு சொல்றீங்க.

சுவர்கிட்ட காத்து நகர இடம் இல்ல, அதனால இந்த அலைகள் எல்லாத்துக்கும் அழுத்தம் உச்சத்துல இருக்கற இடம் சுவர்தான், நீங்க கரெக்டா அங்க தலையை வச்சிருக்கீங்க. இப்ப ஒரு சோதனை பண்ணுங்க, ஃபோன்ல டோன் ஜெனரேட்டர் ஆப்பு ஒண்ணு இறக்கி ஆம்ப்போட கனெக்ட் பண்ணி 71 ஹெர்ட்ஸ் சத்தம் கம்மியா ஓட விட்டுட்டு, சோபாலேருந்து எழுந்து ஸ்பீக்கரைப் பாத்து மெதுவா நடங்க. சுவர்லேருந்து 1.2 மீட்டர் வந்ததும் சத்தம் யாரோ அணைச்ச மாதிரி மறைஞ்சு போகும், ரூம் நடுவுல வந்தா திரும்ப எழும்பும், அப்புறம் திரும்ப மறையும். ஸ்பீக்கர் அதேதான், ஆம்ப் அதேதான், நீங்க நின்ன இடம் மட்டும்தான் மாறுச்சு. இதை ஒரு தடவை நடந்து கேட்டவங்க அதுக்கப்புறம் ஆம்ப் மாத்தறதைப் பத்தி யோசிக்கவே மாட்டாங்க.

காது இப்ப சுவர்லேருந்து 20-ல இருக்கறதை 80-க்குக் கொண்டுவந்தா அந்த 71.5 ஹெர்ட்ஸ் அலையோட அழுத்தம் கிட்டத்தட்ட பாதியாகும், அதாவது 6 டிபி கிட்ட குறையும். சோபாவை 60 சென்டிமீட்டர் இழுக்கறதுதான் வேலை.

குரல் மெலியறது வேற கதை. ஊஃபர் முன்னாடி மட்டும் சத்தம் அனுப்பறதில்ல, கீழ் ஸ்தாயியில நாலா பக்கமும் போகும், பின்னாடி போறது சுவர்ல அடிச்சுத் திரும்பி வந்து நேரா வர்றதோட சேரும். முன்முகத்துக்கும் சுவருக்கும் உள்ள தூரம் எந்த அலையோட நீளத்துல கால்வாசியோ, அந்த அலை போய்த் திரும்பறதுக்குள்ள அரை அலை தாமதமாகி நேர் சத்தத்தை அடிச்சுரும். 40 சென்டிமீட்டருக்குக் கணக்கு போட்டா 214 ஹெர்ட்ஸ், ஆம்பளைக் குரலுக்கு உடம்பு குடுக்கற இடமே அதைச் சுத்தித்தான். ஸ்பீக்கரை முன்னாடி இழுத்தீங்கன்னா அந்தப் பள்ளம் கீழ இறங்கி குரலை விட்டு விலகும், 90 சென்டிமீட்டர்ல வச்சா 95 ஹெர்ட்ஸுக்குப் போயிரும். ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, பின்சுவர் தூரம், பக்கச்சுவர் தூரம், ஊஃபர் தரையிலேருந்து இருக்கற உயரம் இந்த மூணும் ஒரே அளவா அமைஞ்சிடக் கூடாது, அமைஞ்சா மூணு பள்ளமும் ஒரே இடத்துல விழும்.

பழைய ஊஃபர்:

அலைநீளம் சொன்னதுக்கு மேல ரூம் பத்தி நான் சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா சோபாவைத் தள்றதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷ வேலை ஒண்ணு இருக்கு தம்பி, வயரிங்கைப் பாருங்க. ஒரு ஸ்பீக்கர்ல மட்டும் ப்ளஸ் மைனஸ் மாறியிருந்தா பேஸ் ஒண்ணை ஒண்ணு தின்னுரும், குரல் நடுவுல நிக்காம ரெண்டு காதுக்கும் வெளியில எங்கயோ பரவிக் கிடக்கும். உங்களுக்கு பேஸ் ஜாஸ்தியா இருக்குங்கறதால இது இருக்க வாய்ப்பு கம்மிதான், இருந்தாலும் நாப்பது வருஷமா பெட்டி பண்ணிப் பழகினவன் சொல்றேன், எவ்வளவு கவனமா மாட்டினாலும் ஒரு தடவை சோதிச்சிடறது நல்லது. ஆம்ப்லேருந்து ஸ்பீக்கர் வயரைக் கழட்டி, 1.5 வோல்ட் பேட்டரி ப்ளஸ்ஸை சிவப்பு வயர்லயும் மைனஸைக் கறுப்புலயும் ஒரு கணம் தொட்டு எடுங்க, டப்புனு ஒரு சத்தத்தோட கோன் வெளிய தள்ளணும், ரெண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் தள்ளணும். ரொம்ப நேரம் வச்சுக்கிட்டு இருக்காதீங்க.

120 வாட்ஸ் விஷயம். வாட்ஸ் ரெண்டு மடங்கானா கிடைக்கறது 3 டிபி, அவ்வளவுதான், காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமா தெரியணும்னா சுமார் 10 டிபி வேணும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். உங்க 60 வாட்ஸ் ஒரு வாட்ஸை விட 17.8 டிபி மேல, 86-ஓட கூட்டினா ஒரு மீட்டர்ல 104 கிட்ட வருது, நீங்க 4 மீட்டர் சொச்சம் தள்ளி உக்காந்திருக்கறதுக்கு 12 டிபி கழிச்சு ரெண்டாவது ஸ்பீக்கருக்கு 3 கூட்டினாலும் 94, 95 டிபி நிக்குது, ரூம் திருப்பி அனுப்பறது தனி. வீட்டுல இதுக்கு மேல எதுக்கு? விம்முற சுரத்தை 3 டிபி கூடுதலா விம்ம வைக்கத்தான் அந்த ஆம்ப் உதவும். பெரிய ஊஃபரும் அதேதான், இன்னும் கீழ இறங்கி உங்க 35.7-ஐயும் தட்டி எழுப்பும்.

போர்ட் பின்னாடி இருக்குன்னு சொன்னீங்க, கூட ஃபோம் அடைப்பு குடுத்திருந்தா போட்டுப் பாருங்க, குடுக்கலன்னா சுத்தமான காலுறை ஒரு ஜோடியைச் சுருட்டி இறுக்கமில்லாம அடைங்க. போர்ட் உள்ள பெட்டி, போர்ட்டை ட்யூன் பண்ணின ஹெர்ட்ஸுக்குக் கீழ ஆக்டேவுக்கு (அதாவது ஹெர்ட்ஸ் பாதியாகற ஒவ்வொரு தடவைக்கும்) 24 டிபி கணக்குல சரியும், மூடின பெட்டி 12 டிபிதான் சரியும், அதனால அடைச்சா பேஸ் கொஞ்சம் முன்னாடியே குறைய ஆரம்பிச்சாலும் சரிவு மெதுவா இருக்கும், ரூம் கீழ தர்ற கூடுதலோட அது நல்லாப் பொருந்தும். எனக்கு மூடின பெட்டி மேல தனிப் பிரியம் உண்டு, 1954-ல எட்கர் வில்ச்சர் சின்னப் பெட்டிக்குள்ள அடைச்ச காத்தையே ஸ்பிரிங்கா வச்சு பேஸ் எடுத்துக் காட்டினார் பாருங்க, அந்த யோசனை எனக்கு இன்னைக்கும் புதுசாத்தான் தெரியுது.

கடைசியா, கடையில மூணு ஜோடி மாத்திப் போட்டப்ப வால்யூம் நாபைத் தொட்டாங்களா? ஒரே நாப் அளவுல 83 டிபி ஸ்பீக்கரும் 86 டிபி ஸ்பீக்கரும் போட்டா ரெண்டாவது சத்தமா வரும், ஒரு டிபி கூட இருந்தாலே காது அதை சத்தம் ஜாஸ்தின்னு சொல்லாது, தெளிவா இருக்குன்னுதான் சொல்லும். அடுத்த தடவை யார் ஸ்பீக்கர் கேக்கப் போனாலும் பிங்க் நாய்ஸ் (எல்லா ஸ்தாயியும் கலந்த இரைச்சல்) ஓட விட்டு மீட்டர் வச்சு சத்தத்தைச் சமன் பண்ணிட்டுக் கேளுங்க.

காதுமடல்:

பழைய ஊஃபர் சார், நீங்க ரெண்டு பேரும் சொன்னது சரி, ஆனா ஸ்பீக்கர் எதுவா இருந்தாலும் ரூம்தான் எல்லாம்னு படிக்கறவங்க நினைச்சிடக் கூடாதுன்னு சொல்ல வரேன். ரூம் ஆட்சி பண்றது கீழதான், இந்த அளவு ரூமுக்கு 200, 300 ஹெர்ட்ஸ் வரைக்கும். அதுக்கு மேல நீங்க கேக்கறது பெரும்பாலும் ஸ்பீக்கரோட குணம், அதுவும் நேரா வர்ற சத்தம் மட்டும் இல்லாம பக்கவாட்டுல போய் சுவர்ல பட்டு வர்றதும் சேந்துதான் காதுக்கு ஒரே ஸ்பீக்கராத் தெரியுது.

ஒலி ஆராய்ச்சியாளர் ஃபிளாய்ட் டூல் கனடா தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில்ல இருந்தப்பவும், அப்புறம் ஹார்மன் கம்பெனியில ஷான் ஆலிவோட சேர்ந்தும் திரைக்குப் பின்னாடி ஸ்பீக்கரை மறைச்சு வச்சுப் பண்ணின சோதனைகள்ல திரும்பத் திரும்ப வந்த முடிவு இதுதான், நேர் சத்தம் சமமா இருந்து, பக்கவாட்டுச் சத்தமும் குண்டும் குழியும் இல்லாம ஒரே சீரா சரிஞ்சிருந்தா ஜனங்களுக்குப் பிடிச்சிருந்தது. மறைக்காம காட்டினப்ப மார்க் மாறிப் போச்சு, பெரிய அழகான பெட்டிக்குக் கூடப் போட்டாங்க. இப்ப சிடிஏ-2034னு ஒரு அளவீட்டு முறையே இருக்கு, ஸ்பீக்கரைச் சுத்தி 70 கோணத்துல அளந்து வரைபடம் போடுவாங்க, உங்க மாடலுக்கு அது கிடைச்சா பாருங்க. ஊஃபர் விட்டு ட்வீட்டர் எடுத்துக்கற கிராஸ்ஓவர் இடத்துல பெரிய ஊஃபர் ஒரு கற்றையா குறுகி, உடனே சின்ன ட்வீட்டர் விரிஞ்சு பரவுனா அங்க ஒரு படி தெரியும், அதை எந்த ஈக்யூவாலயும் (ஒவ்வொரு ஸ்தாயியையும் தனியா ஏத்தி இறக்கற செட்டிங்) முழுசா சரிபண்ண முடியாது, ஏன்னா நேர் சத்தத்தைத் திருத்தினா பக்கச் சத்தம் கெடும். அந்த மாதிரி ஸ்பீக்கரா இருந்தா மட்டும் திருப்பிக் கொடுங்க.

அப்புறம் அந்தக் கண்ணாடி ஜன்னல். நீங்க சோபாவுல உக்காந்துக்கிட்டு வேற ஒருத்தரை ஒரு முகம் பாக்குற கண்ணாடியைப் பக்கச்சுவர்ல ஒட்டினாப்புல நகத்திக்கிட்டே போகச் சொல்லுங்க, எந்த இடத்துல உங்களுக்கு ட்வீட்டர் தெரியுதோ அங்கதான் முதல் எதிரொலி. இடப்பக்கம் அந்த இடம் வெறும் கண்ணாடி, வலப்பக்கம் புத்தகம். புத்தகம் சத்தத்தைச் சிதறடிச்சுக் கொஞ்சம் உள்ளவும் இழுத்துக்கும், கண்ணாடி அப்படியே திருப்பி அடிக்கும், குரல் இடப்பக்கமா ஒதுங்கும். கனமான திரைச்சீலையை மடிப்பு மடிப்பா விட்டீங்கன்னா மேல் சத்தத்துக்கு உதவும், பேஸுக்கு எதுவும் பண்ணாது. டைல்ஸ் தரைக்கு ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவுல ஒரு விரிப்பு போடுங்க.

ஸ்பீக்கர் வயர் பத்தி யாரும் கேக்கறதுக்கு முன்னாடி நானே கேட்டுடறேன், எவ்வளவு கனம் போட்டிருக்கீங்க?

சுருதிப்பெட்டி:

2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், ஸ்பீக்கருக்கு 5 மீட்டர். மாத்தணுமா?

பழைய ஊஃபர்:

வேணாம். போக வர 10 மீட்டர் செம்புக்கு 0.07 ஓம் வரும், உங்க 6 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒண்ணுமே இல்ல. அதை அப்படியே விடுங்க.

மெல்லிசை மாடி:

நடுவுல ஒரு சின்ன விஷயம். நான் ராத்திரி குழந்தை தூங்கினப்புறம்தான் பாட்டு கேப்பேன், சத்தம் ரொம்பக் கம்மியா. பகல்ல சத்தமா வச்சு ஒரு நாள் பூரா உக்காந்து எல்லாம் சரி பண்ணிட்டு ராத்திரி கேட்டா பேஸே இல்ல, எல்லாம் வறண்டு போய் இருந்துச்சு. அப்புறம்தான் படிச்சேன், 1933-லயே ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் அளந்து எழுதியிருக்காங்க, சத்தம் குறைய குறைய நம்ம காது கீழ் ஸ்தாயியை மத்ததை விட வேகமா விட்டுரும். அதனால நீங்க வழக்கமா எந்த சத்தத்துல கேப்பீங்களோ அதே சத்தத்துல வச்சு இடத்தை முடிவு பண்ணுங்க. பழைய ஆம்ப்ல லவுட்னெஸ்னு ஒரு பட்டன் இருக்கும்ல, அது இதுக்காகத்தான் வச்சிருக்காங்க, எனக்கு ராத்திரியில அது இல்லாம முடியாது.

சுருதிப்பெட்டி:

ரெண்டு நாள் ஆச்சு, நடந்ததைச் சொல்லிடறேன்.

பேட்டரி வச்சுப் பாத்தேன், ரெண்டு கோனும் வெளியதான் தள்ளுது. வயரிங் சரி.

அப்புறம் 71 ஹெர்ட்ஸ் போட்டு நடந்தேன். அலைநீளம் அண்ணா, நீங்க சொன்னப்ப நம்பாம இல்ல, ஆனா காதால கேட்டது வேற மாதிரி இருந்துச்சு. சோபாவுல உக்காந்தா சத்தம் காதுல வந்து அமுக்குது, ஜன்னல் சட்டம் லேசா கிடுகிடுங்குது, எழுந்து ரெண்டு எட்டு வைக்கறதுக்குள்ள கரைஞ்சு போய் மூணாவது எட்டுல சுத்தமா இல்ல, ஃபேன் சத்தம்தான் கேக்குது. தலையை மட்டும் முன்ன பின்ன ஆட்டினா சத்தம் வருது போகுது. என் மனைவியைக் கூப்பிட்டு அதே இடத்துல நிக்க வச்சேன், அவங்களும் நம்பாம ஸ்பீக்கர்கிட்டப் போய் காதை வச்சுப் பாத்துட்டு வந்தாங்க.

ஸ்பீக்கரை முன்முகம் 90 சென்டிமீட்டர் வர்ற மாதிரி இழுத்தேன், பக்கச்சுவருக்கு 65, ஊஃபர் உயரம் 75. சோபாவை முன்னாடி தள்ளி காதை 80-ல வச்சேன். அதே மிருதங்கப் பதிவைப் போட்டேன். முதல் மாறுதல் குரல்லதான், பாடுறவர் ஆள் உசரத்துல ஸ்பீக்கருக்கு நடுவுல கொஞ்சம் பின்னாடி தள்ளி நிக்கற மாதிரி இருந்துச்சு, நெஞ்சுக் கட்டு வந்துருச்சு. தொப்பி அடியும் பிரிஞ்சு கேக்குது. காலுறை போட்டும் பாத்தேன், அடைச்சா இன்னும் இறுக்கமா இருக்கு, ஆனா தம்புராவோட அந்த அடிநாதம் கொஞ்சம் ஒல்லியாயிருச்சு, அதனால எடுத்துட்டேன்.

ஒரு நண்பர்கிட்டேருந்து யூமிக்-1ங்கற அளவீட்டு மைக் வாங்கி ரூம் ஈக்யூ விசார்ட்ங்கற சாஃப்ட்வேர்ல அளந்தேன். 71 கிட்ட இன்னும் 6 டிபி மேடு இருக்கு. ஆனா புதுசா 107 ஹெர்ட்ஸ்ல 9 டிபி பள்ளம் ஒண்ணு தெரியுது, இது எங்கேருந்து வந்துச்சு? ஈக்யூவுல 107-ஐ 9 டிபி ஏத்திடட்டுமா?

அலைநீளம்:

ஏத்தாதீங்க! 9 டிபி ஏத்தினா அந்த இடத்துல ஆம்ப் எட்டு மடங்கு வாட்ஸ் குடுக்கணும், ஊஃபர் அவ்வளவு கூடுதலா ஆடணும், ஏத்தினது போய் சுவர்ல பட்டு அதே அளவு கூடி வந்து அதையே அடிச்சிரும், பள்ளம் பள்ளமாவே இருக்கும், அந்தச் சுமையால ஆம்ப் தன் எல்லையில முட்டி க்ளிப் ஆனா ட்வீட்டருக்கும் கேடு வரலாம். மேட்டை மட்டும் ஈக்யூவுல வெட்டலாம்.

பள்ளம் எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டீங்க. அது நான் சொன்ன 80 சென்டிமீட்டர்லேருந்து வந்துச்சு, அன்னைக்கே நான் இதையும் சேர்த்து யோசிச்சிருக்கணும். 4.8 மீட்டர்ல ஆறுல ஒரு பங்கு சரியா 80, ரூம் நீளத்தோட மூணாவது அலை 107 ஹெர்ட்ஸ், அதுக்கு அழுத்தமே இல்லாத இடம் அதே ஆறுல ஒரு பங்குதான். காதைக் கொண்டுபோய் அந்தப் புள்ளியில வச்சுட்டீங்க. 15 சென்டிமீட்டர் முன்னாடி வந்து 95-ல உக்காருங்க. 107 கொஞ்சம் திரும்பி வரும், 71-ஓட அழுத்தமும் இப்ப இருக்கறதை விட இன்னும் 4 டிபி கிட்ட இறங்கும், ரெண்டு பக்கமும் லாபம். 1.2 மீட்டர் வரைக்கும் போயிடாதீங்க, அங்க 71 மொத்தமா காணாமப் போயி பேஸ் கிட்டார்ல ஓட்டை விழும்.

அளக்கறப்ப மைக்கை ஒரே ஒரு இடத்துல வைக்காம தலை இருக்கற இடத்தைச் சுத்தி ஒரு அஞ்சாறு புள்ளியில அளந்து சராசரி எடுங்க, 300 ஹெர்ட்ஸுக்கு மேல வர்ற சின்னச் சின்ன ஏத்த இறக்கத்தைத் தொடாதீங்க, தலையைக் கொஞ்சம் திருப்பினாலே அது மாறும்.

காதுமடல்:

இதோட டோ-இன்னும், அதாவது ஸ்பீக்கரை எவ்வளவு உள்பக்கமா திருப்பி வைக்கறதுன்னும் பாத்துடுங்க. ஸ்டீரியோ இல்லாம மோனோவா ஒரே ஒரு பேச்சுக் குரல் போடுங்க, நடுவுல ஒரு கைப்பிடி அளவுக்கு ஒடுங்கி நிக்கணும். முதல்ல ரெண்டு ஸ்பீக்கரையும் நேரா வச்சு ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா உள்ள திருப்பிக்கிட்டே வாங்க, ட்வீட்டர் முழுசா காதைப் பாக்கணும்னு அவசியம் இல்ல, தலைக்குப் பின்னாடி ஒரு அரை மீட்டர்ல ரெண்டு கோடும் சேர்ற மாதிரி வச்சா நிறைய ஸ்பீக்கருக்கு நல்லா இருக்கும், சிலது 10, 15 டிகிரி வெளிய பாக்கறப்பதான் சமமா வர்ற மாதிரியே டிசைன் பண்ணியிருப்பாங்க. ட்வீட்டர் உயரம் உக்காந்த காது உயரத்துக்கு வரட்டும், இது ரொம்ப முக்கியம், கிராஸ்ஓவர் இடத்துல ஊஃபரும் ட்வீட்டரும் ஒண்ணு சேர்றது அந்த உயரத்துக்குத்தான் கணக்கு போட்டிருப்பாங்க, எழுந்து நின்னு கேட்டீங்கன்னா வித்தியாசம் தெரியும்.

சுருதிப்பெட்டி:

95-க்கு வந்துட்டேன். 71 மேடு 3 டிபியாச்சு, 107 பள்ளம் 4 டிபிதான். மியூசிக் ப்ளேயர் ஆப்புல பாராமெட்ரிக் ஈக்யூ இருக்கு, 71-ல ஒரே ஒரு ஃபில்டர் போட்டு 3 டிபி வெட்டினேன், க்யூ (வெட்டு எவ்வளவு குறுகலுங்கற அளவு) 5, வேற எதையும் தொடல. பேஸ் கிட்டார் இப்ப ஏணிப்படி மாதிரி ஒவ்வொரு சுரமா ஏறி இறங்குது.

டோ-இன்தான் எதிர்பார்த்ததை விட நேரம் எடுத்துச்சு. மோனோ குரல் நடுவுக்கு வராம இடப்பக்கம் ஒரு சாண் ஒதுங்கியே நின்னுச்சு, ஸ்பீக்கரைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன், டேப் வச்சு ரெண்டு பக்கத் தூரத்தையும் அளந்தேன், எல்லாம் சமம். அப்புறம் முகக்கண்ணாடியை எடுத்துட்டு என் மனைவி ஜன்னல் ஓரமா நடந்தாங்க, ட்வீட்டர் தெரிஞ்ச இடத்துல திரைச்சீலை ஒதுங்கி வெறும் கண்ணாடியா இருந்துச்சு. திரையை முழுசா இழுத்து விட்ட அந்த நொடியே குரல் நகந்து நடுவுல வந்து நின்னுச்சு, நாங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல திரும்பிப் பாத்துக்கிட்டோம். திரும்ப ஒதுக்கினா இடப்பக்கம் போகுது, மூடினா வருது.

ஸ்டாண்ட் காலைச் சுத்தித் தரையில டேப் ஒட்டிட்டேன், சோபாவுக்கும் நாலு மூலையில ஒட்டியாச்சு, பகல்ல தள்ளி வச்சிட்டு சாயங்காலம் அதே இடத்துக்கு இழுத்துக்கறோம். மெல்லிசை மாடி, நீங்க சொன்ன மாதிரி எங்க வழக்கமான சத்தத்துலதான் எல்லாத்தையும் முடிவு பண்ணினேன். திருப்பிக் கொடுக்க இன்னும் மூணு நாள் இருக்கு, ஸ்பீக்கர் வந்த அட்டைப்பெட்டியை மடிச்சுப் பரண் மேல போட்டுட்டேன்.